பச்சைப் புள்ளி பழுப்பான கதை

நீங்கள் பிரித்ததும் கசக்கி எறிகிற ஒரு பொருளைப் பற்றி அரை மணி நேரம் பேசி விற்பதுதான் எங்கள் தொழில்.

சாப்பாட்டுக்கான டப்பா, உறை, லேபிள் எல்லாம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் உட்காரும் ஆசையில்தான் சேர்ந்தேன். அங்கே டப்பாக்களோடு மட்டும் பழகினால் போதும். டப்பாக்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஆனால் எங்கள் மேலாளர் சேகர் சார் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். யாராக இருந்தாலும் முதலில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். புதுச் சரக்கு ஒன்றையாவது ஒரு வாடிக்கையாளர் தொடர்ந்து வாங்கும்படி செய்துவிட்டால் பரிசோதனைக்கூடம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அதாவது, பேசாமல் இருக்கும் வேலை கிடைக்க நான் முதலில் பேசியாக வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் நேரம் கேட்பதற்குக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்க்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசையில் நின்றது

முதலில் போனது குமணன்சாவடியில் வேலு அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு. கரும்புச் சக்கையில் செய்த, மண்ணில் மக்கிவிடும் டப்பாவை அவரிடம் காட்ட வேண்டும். மதிய நேரம், நல்ல கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போவது எப்படி என்று தெரியாமல் நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்ததும் ஒத்திகை பார்த்த வாக்கியம் காணாமல் போய், ஒரு சாம்பார் சாதம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். எனக்குச் சாம்பார் சாதம் என்றால் உயிர் என்று ஆபீஸில் ஒரு பேச்சே கிளம்பிவிட்டது.

ஒருநாள் பர்ஸை எடுக்கும்போது பையிலிருந்த மாதிரி டப்பாக்கள் நழுவி அவருடைய கல்லாமேல் விழுந்தன. வேறு வழியில்லாமல் வந்த விஷயத்தைச் சொன்னேன். வேலு அண்ணன் டப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நம்பி ஏமாந்த முகம்.

"சாப்ட வர்ற பொண்ணுன்னு தெனம் ஒரு கரண்டி சேத்துப் போட்டேன்மா. நீ இன்னாடான்னா விக்க வந்துகீறே."

கடுகு எங்கே போகும்

இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு கட்டு டப்பா வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்துப் போனபோது கட்டில் பாதி அப்படியே மூலையில் இருந்தது. குழம்பு பழையபடி கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவில் போய்க்கொண்டிருந்தது. ஒழுகியதா, அடி விட்டதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லையாம். டப்பாவில் குழம்பு இருக்கும்வரை யாருக்கும் குறையில்லை. குழம்பு தீர்ந்த பிறகுதான் குறை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பார்சல் டப்பாவை யார் தூக்கிப் போடுகிறார்கள்? கழுவிக் கவிழ்த்தால் கடுகு, வெந்தயம், ஊசி நூல், நேற்றைய சட்னி என்று எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. மூடி நன்றாகப் பொருந்துகிறது என்பதற்காகவே வேலு அண்ணன் கடையில் குழம்பு வாங்குகிறவர்கள் உண்டாம். எங்கள் டப்பாவோ மக்குவதற்கென்றே பிறந்தது. நான் மண்ணைப் பற்றியும் கடலைப் பற்றியும் மெல்ல ஆரம்பித்தேன். பார்சலுக்காகப் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் சரிதான் கண்ணு. அது மக்கிப் போச்சின்னா என் கடுகு எங்க போவும்?"

அண்டா காலி

அடுத்த சரக்கு, புள்ளி லேபிள். மூடிமேல் ஒட்டுகிற சின்ன வட்டம். ஒட்டும்போது பச்சையாக இருக்கும். சாப்பாடு வெளியில் இருக்க இருக்க, சூட்டையும் நேரத்தையும் பொறுத்து மெல்ல நிறம் மாறி, இனிமேல் சாப்பிடக் கூடாது என்கிற கட்டத்தில் பழுப்பாகிவிடும். இதை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியில் ஜாஃபர் பாயின் பிரியாணிக் கடைக்குப் போனேன். இந்த முறை வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றேன். அவரே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். இவ்வளவு மரியாதை கிடைக்கிற இடத்தில் வியாபாரம் நடக்காது என்பது என்னைப்போல விற்க ஊர் சுற்றுகிற எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

பழுப்பாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பிரியாணிச் சூட்டில் நாலு மணி நேரம் என்றேன். பாய் திரும்பி அண்டாவைப் பார்த்தார். அவருடைய ஆள் ஒருவர் பாதி உடம்பை உள்ளே விட்டு அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு மணிக்குத் தம் ஒடைக்கிறேன், ரெண்டு மணிக்கு அண்டா காலி. உங்க புள்ளி நிறம் மாறணும்னா நான் மோசமாத்தாம்மா சமைக்கணும்."

காலையில் சைவம்

சேகர் சார் தினமும் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த ஆரம்பித்திருந்த நேரத்தில்தான் கல்பனா அக்கா கிடைத்தார். கோவில்பதாகையில் தன் வீட்டிலேயே சமைத்து, சுற்றுவட்டார அடுக்ககங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். சுத்த சைவம். சாப்பாட்டைச் சாயங்காலம்வரை மேஜைமேல் போட்டுவைத்துவிட்டு, புளித்துப்போச்சு என்று அவரைத் திட்டுகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு சாட்சி கிடைத்ததென்று அக்கா உடனே ஒட்ட ஆரம்பித்துவிட்டார். நானும் பரிசோதனைக்கூடத்தில் ஜன்னலோர நாற்காலி ஒன்றை மனதுக்குள் துடைத்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். அடுக்ககம் ஒன்றில் மகனோடு இருக்கும் சிதம்பரநாதன் என்ற பெரியவர், திருநெல்வேலிக்காரர், கேக்கில் முட்டை இருக்குமோ என்று பேத்தி பிறந்தநாளுக்கே கேக் தொடாதவர். மதியம் பாதிக் கூட்டைச் சாப்பிட்டு மீதியை மூடி வைத்திருக்கிறார். பிறகு நாலு மணிக்குப் பசிக்கிறதென்று இன்னும் கொஞ்சம். அதற்கப்புறம் மூடியைப் பார்த்தால், பச்சைப் புள்ளி பழுப்பாக இருந்திருக்கிறது.

பிஸ்கட் பாக்கெட்டில் ஆரம்பித்து எதை வாங்கினாலும் பச்சைக் குறி என்றால் சைவம், பழுப்புக் குறி என்றால் அசைவம். இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெப்பம், ஈரம், நேரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு இது மட்டும் தோன்றவில்லை. பெரியவர் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் படத்தைப் போட, மற்றவர்களும் குப்பைக்கூடையிலிருந்து தங்கள் மூடிகளை எடுத்துப் பார்க்க, எல்லாவற்றிலும் பழுப்பு. அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

"காலையில சைவம் குடுத்து சாயங்காலம் அசைவமாக்கிட்டேனாம். நாளையிலேர்ந்து யாருக்கும் சாப்பாடு வேணாமாம். நீயே வந்து சொல்லு தங்கச்சி."

வெறும் டப்பா

ஷேர் ஆட்டோவில் வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கார் நிறுத்துகிற கீழ்த்தளத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. நடுவில் பெரியவர், கையில் கூட்டு டப்பா. அக்கா ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நானும் பேச ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்றவர் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காகப் பேச்சை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவர் ஏன் நிறுத்தினார் என்று பார்ப்பதற்காக நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

காலையில் மாதிரிக்காக ஒரு காலி டப்பாவில் புள்ளி ஒட்டிப் பையில் வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்தேன். பையின் புழுக்கத்தில் அதுவும் பழுப்பாகியிருந்தது. திறந்து காட்டினேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இது சைவம் அசைவம் சொல்கிற குறி இல்லை, நேரமாகிவிட்டதைச் சொல்கிற குறி, ஐயா நாலு மணிக்குச் சாப்பிட்டது அக்கா சமைத்த அதே பூசணிக்காய்க் கூட்டுதான், கொஞ்சம் கெட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான் என்றேன். பெரியவர் வெறும் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கெட்டுப்போன கூட்டுதானாம்மா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா, நான் அப்பத்துல இருந்து நாக்க வழிச்சுக்கிட்டுல்லா இருக்கேன்."

நீலப் புள்ளி

மறுநாளும் அக்காவின் சாப்பாடு வழக்கம்போலப் போனது. கொஞ்ச நாள் புள்ளி இல்லாமல் போனது. நிறத்தை மாற்றித் தரும்படி சேகர் சாரிடம் கேட்டேன். பரிசோதனைக்கூடத்தில் முனகினார்கள், ஆனாலும் வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறுகிற புள்ளி தயாராகிவிட்டது. இப்போது பெரியவர்தான் அந்த அடுக்ககத்துக்கே காவல். யார் வீட்டு டப்பாவாவது வாசலில் கிடந்தால் அழைப்பு மணியை அடித்து, நீலமாவதற்குள் சாப்பிடச் சொல்கிறாராம். அக்கா தவறாமல் லேபிள் வாங்குகிறார்.

நிபந்தனை நிறைவேறிவிட்டது. சேகர் சார் அறைக்குப் போய், ஜன்னலோர நாற்காலியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கதவருகே நின்றேன். அவரோ அதற்கு முன்பே கல்பனா அக்காவிடம் போனில் பேசி, கீழ்த்தளத்தில் நடந்த அத்தனையையும் கேட்டு வைத்திருந்தார்.

"கத்திப் பேசறவங்க நம்மகிட்ட நெறைய பேர் இருக்காங்கம்மா. நீ பேசினாதான் எதிர்ல இருக்கவங்க வாயை மூடறாங்க. உன்னைக் கொண்டுபோய் லேப்ல வைக்க எனக்கென்ன பைத்தியமா?"

பேசாத வேலை ஒன்று கிடைப்பதற்காக ஒரே ஒரு சாயங்காலம் ஒழுங்காகப் பேசித் தொலைத்தேன். அதற்குத் தண்டனையாக அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிவரை இன்னும் பேசிக்கொண்டேதான் திரிகிறேன்.