ஏழு படி

கூலி உயர்வு கேட்டு ஒன்பது நாள் நாங்கள் வயலில் இறங்கவில்லை. கடைசியில், அறுவடைக்கு நாளொன்றுக்கு ஆறு படி நெல் என்று எங்கள் ஊரில் முடிவானது. அதற்கு மறுநாள்தான் அவரைச் சந்தித்தேன். வெட்டாற்றங்கரை டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கரை ஊர்க்காரர். என்னைப் போலவே அறுப்புக்குப் போகிறவர். நெட்டையான ஆள், எதைப் பேசுவதற்கு முன்னும் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

"எங்க ஊர்ல ஆறரை படிக்கு ஒத்துக்கிட்டாங்கண்ணே. உங்க ஊர்ல எவ்வளவு?"

அதுவரை பெரிதாகத் தெரிந்த ஆறு படி, கேட்டதும் சிறுத்துப்போனது. வயிறு எரிந்தது.

"ஏழு" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு செத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அது இனித்தது.

இருபது நாள் கழித்து, அதே கடையில் என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் தையல் போட்ட காயம்.

"நீங்க சொன்னத வச்சுத்தான் மறுபடி வேலைய நிறுத்தினோம். மிராசுதார் ஆளுங்க அடிச்சாங்க. ஆனாலும் ஏழு குடுத்துட்டாங்கண்ணே! நீங்க நல்லா இருக்கணும்."

உண்மையைச் சொல்லாமல் அவருக்கு ஒரு டீ சொன்னேன். என் பொய்யை நம்பி அடி வாங்கிய மனிதரை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால் அன்று, அந்தக் காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும், இவருக்கு ஏழு, எனக்கு ஆறுதானே என்றுதான் மனம் அரித்தது.