தலைகீழாகப் போட்ட காய்ச்சல் கணக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான்காம் படிவம், அதாவது பத்தாம் வகுப்பு, படித்தபோது, கூடுதல் கணிதத்தில் என்னைத் திணறடித்தது ஒரே பாடம்தான்: நேர்மாறு சார்பு. ஒரு விதி ஓர் எண்ணை இன்னோர் எண்ணாக மாற்றுகிறது. மாறிய எண்ணிலிருந்து பழைய எண்ணுக்குத் திரும்பும் விதி எது? வெறும் எக்ஸ், ஒய் என்றால் எப்படியோ போட்டுவிடுவேன். அதையே கதைபோல வாக்கியத்தில் கேட்டால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் விழிப்பேன்.

அந்த விடுமுறைக்கு மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் தொழிற்சாலை லாரி ஓட்டுநர். அன்று தேயிலை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போயிருந்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் அக்காவின் கைக்குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

"நூத்தி ரெண்டைத் தாண்டிட்டா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்கடி," என்றாள் அக்கா.

பழைய தெர்மாமீட்டர் உடைந்துபோய், தானா ராத்தா டவுனில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அது செல்சியஸ். கக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முப்பத்தொன்பது.

"முப்பத்தொம்பதுன்னா நூத்தி ரெண்டுக்கு மேலயா, கீழயா?"

"தெரியலக்கா."

"போன மாசம்தான் ஆபீஸ் கிராணியோட கார்ல போனோம். அங்க போனா ஒண்ணுமே இல்ல. மறுபடியும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி கேக்குறது?"

எனக்குத் தெரிந்த சூத்திரம் அறிவியல் வகுப்பில் படித்தது. ஃபாரன்ஹீட்டிலிருந்து முப்பத்திரண்டைக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு, செல்சியஸ் வரும். என் கையில் இருந்ததோ செல்சியஸ். எனக்கு ஃபாரன்ஹீட் வேண்டும். வகுப்பில் என்னை விழிக்கவைத்த அதே கேள்வி, இப்போது அக்காவின் வாயிலிருந்து வந்திருந்தது.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். கழித்ததைக் கூட்டினேன், எழுபத்தொன்று. ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தேன்.

"நூத்தி இருபத்தேழு..."

"ஐயோ!" அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"இரு அக்கா, தப்பு. மனுசனுக்கு அவ்ளோ வராது."

சூடு தணியட்டும் என்று அக்கா குழந்தையின் போர்வையை எடுத்தாள். அப்புறம் ஸ்வெட்டர், கடைசியாகச் சட்டை. குளிருக்கு அவள் போட்டுவிட்டது சட்டை, ஸ்வெட்டர், போர்வை என்ற வரிசையில். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் ஒவ்வொன்றையும் சரியாகத்தான் திருப்பியிருந்தேன், வரிசையைத்தான் திருப்பவில்லை. கடைசியில் செய்த வகுத்தலை முதலில் அவிழ்க்க வேண்டும்.

முப்பத்தொன்பதை ஒன்பதால் பெருக்கினேன், ஐந்தால் வகுத்தேன், அதற்குப் பிறகே முப்பத்திரண்டைக் கூட்டினேன். நூற்று இரண்டு புள்ளி இரண்டு. அதைப் பழைய சூத்திரத்தில் போட்டேன். முப்பத்தொன்பதே திரும்பி வந்தது.

"தாண்டிருச்சுக்கா. கெளம்பு."

"நல்லாத் தெரியுமாடி?"

"ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டேன்."

மழையில் ஓடிப்போய் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் எதுவும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டே, "புள்ளயத் தூக்கிட்டு வரச்சொல்லும்மா. கார் எதுக்கு இருக்கு லா!" என்றார்.

நெஞ்சில் சளி கட்டத் தொடங்கியிருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் தானா ராத்தா மருத்துவர். ஊசி போட்டு வார்டில் சேர்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் குழந்தை பால் குடித்தது. அப்போதுதான் அக்கா மூச்சு விட்டாள்.

"அந்த நூத்தி இருபத்தேழு எப்படிடி வந்துச்சு?"

சொன்னேன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை விட்டவள் அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நா ஒரு நம்பரை நெனச்சி, மூணால பெருக்கி, நாலு கூட்டினேன். பத்தொம்பது வந்துச்சு. சொல்லு," என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "மொதல்ல நாலை எடுக்கணும். அப்புறம் மூணால வகுக்கணும். அஞ்சு!" என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா ஒருவர் எங்களை வேடிக்கை பார்த்தார்.

பள்ளி திறந்ததும் வந்த சோதனையில் வாக்கியக் கணக்குகளை விடாமல் செய்தேன். முழு மதிப்பெண் இல்லை. ஆனால் பயம் விட்டுப்போயிருந்தது.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது அக்கா வேறொன்று கேட்டாள். "மூணாம் படிவப் பரீட்சையத் தனியா எழுதலாமாமே? என்னால முடியுமாடி?"

முதல் முறை மலாய்மொழிப் பாடத்தில் தவறினாள். மறு ஆண்டு எழுதித் தேறினாள். கணிதத்தில் அவள் வாங்கியது நான் அந்தப் பரீட்சையில் வாங்கியதைவிட அதிகம்.