செருப்புகளை எண்ணிய மாலை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கவிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரிக்குத் தெற்கே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஒரு சிறிய தீவு இருக்கிறது. பாதி அலையாத்திக் காடு, பாதி வெறும் மணல். பார்வையாளர்களைப் படகில் அழைத்துப் போய் மரங்களையும் பறவைகளையும் நண்டுகளையும் காட்டி விளக்குவது என் வேலை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த வேலையில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினேன். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக முத்தியால்பேட்டைத் தெருவில் ஸ்கூட்டியில் போகும்போது அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே போவேன்.

தீவில் இறங்கியதும் கொஞ்ச தூரம் சேறு. செருப்போடு நடக்க முடியாது. அதனால் படகுத்துறையை ஒட்டியிருக்கும் கீற்றுக்கொட்டகையில் எல்லோரும் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். திரும்பும்போது பெயர்ப் பட்டியலைப் படித்து ஒவ்வொருவரையும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது பெரும் பாடு. பாதிப் பெயர் படிப்பதற்குள் ஒருவர் போட்டோ எடுக்க நகர்ந்துவிடுவார், இன்னொருவர் ஏற்கெனவே படகில் ஏறியிருப்பார். ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். கொட்டகையில் செருப்பு மிச்சம் இருந்தால் தீவில் ஆள் மிச்சம். செருப்பு இல்லையென்றால் எல்லோரும் ஏறியாயிற்று. "ஆள் அசையும், செருப்பு அசையாது" என்று கூட வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிக் காட்டுவேன். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட அது தவறவில்லை.

அன்று வந்தவர்கள் தட்டாஞ்சாவடியில் ஒரு சிறிய கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டும் பெண்கள். இருபத்து மூன்று பேர், இரண்டு படகு. ஆளுக்கு ஒரு பேச்சு, ஒரே சிரிப்பு.

"ஏம்மா, இந்த நண்ட கொழம்பு வெக்கலாமா?"

"சும்மா வாடி. பொண்ணு மொறைக்குது பாரு."

மதியம் மூன்று மணிக்குத் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. தீவின் கோடியில் ஒரு மணல்மேடு உண்டு. அதற்கும் தீவுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதைக் கால் நனையாமலே கடந்து போனோம். முந்தின நாள் பௌர்ணமி. சாயங்காலம் கடல் ஏறும்போது அந்தப் பள்ளம் ஆறுபோல ஓடும். "முழங்காலுக்கு மேல தண்ணி ஓடினா யாரும் இதுல இறங்கக் கூடாது. கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

திரும்பிப் படகுத்துறைக்கு வரும் வழியில், நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மாவின் மூடிய கையைக் கவனித்தேன். திறக்கச் சொன்னேன். சின்னச் சங்கு ஒன்று.

"இது நண்டோட வீடு. நீங்க வீட்டையே தூக்கிட்டுப் போறீங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"எம் பொண்ணுக்குக் காட்டலாம்னு எடுத்தேம்மா. படுத்தே கெடக்குறா…"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாங்க. எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாங்க."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. வந்த வழியே திரும்பி நடந்தார். நான் சொன்னது சரிதான். இன்றைக்கும் சங்கு எடுக்க யாரையும் விடுவதில்லை. ஆனால் அவர் பேச ஆரம்பித்ததை முழுதாகக் கேட்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கே இடி இடித்தது. படகோட்டும் அண்ணன் துறையிலிருந்து கத்தினார், "சீக்கிரம் ஏத்தும்மா, காத்து திரும்புது!" பெண்கள் ஓடினார்கள். முதல் படகு நிரம்பிப் புறப்பட்டது. இரண்டாவதில் மற்றவர்கள் ஏறினார்கள். நான் வழக்கம்போலக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு செருப்பும் இல்லை. "எல்லாரும் ஏறியாச்சு, எடுங்கண்ணா" என்றேன்.

கரைக்கு வரக் கால் மணி நேரம். அங்கே டீக்கடை ஓரம், முதல் படகில் வந்த ஓர் அக்கா கைக்கு ஒன்றாக இரண்டு டீ கிளாஸை வைத்துக்கொண்டு எங்கள் படகையே பார்த்தபடி நின்றிருந்தார். எல்லோரும் இறங்கி முடித்த பிறகும் அவர் பார்வை படகைவிட்டு நகரவில்லை.

"அவ எங்கம்மா? உங்க படகுலதான வரான்னு டீ வாங்கி வெச்சேன்."

"யாருக்கா?"

"அதான், சங்கு எடுத்தான்னு திட்டுனியே."

படகைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லக்கா, அங்க யாருமே இல்ல. நான் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு செருப்புகூட இல்ல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவளுக்கு ஏதும்மா செருப்பு?"

படகோட்டி அண்ணன் உடனே படகைத் திருப்பினார். அந்த அக்காவும் டீயைக் கீழே வைத்துவிட்டு, யார் தடுத்தும் கேட்காமல் ஏறிக்கொண்டார். போகும்போது அவரே சொன்னார். தோழியின் மகள் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் இருக்கிறாளாம். அவள் எழுந்து நடக்கிறவரை காலில் செருப்பு போடுவதில்லை என்று அந்த அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். வெயிலானாலும் தார் ரோடானாலும் வெறுங்காலோடுதான் வேலைக்கு வருகிறாராம். "இன்னிக்குக்கூட வரமாட்டேன்னா. நாந்தான் வாடி, மனசுக்கு ஆறுதலா இருக்கும்னு இழுத்தாந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று மணி நேரம் அந்த அம்மாவோடு நடந்திருக்கிறேன். அவர் காலை நான் பார்க்கவே இல்லை.

துறையில் யாரும் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே தீவின் கோடிக்கு ஓடினேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அந்தப் பக்கம், மணல்மேட்டின் உச்சியில், அவர் நின்றிருந்தார். மேடு ஒரு பாய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கணுக்காலைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளைக் கூப்பி, கடலைப் பார்க்காமல் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளத்தில் இறங்கப் போனேன். "ஏய், ஏறும்மா மேல! ஒன்னையும் சேத்து நான் தேடணுமா?" என்று படகிலிருந்து அண்ணன் அதட்டினார். தீவைச் சுற்றிக்கொண்டு முகத்துவாரத்துப் பக்கமாக வந்திருந்தார். அலை இரண்டு முறை படகைத் தள்ளிவிட்டது. மூன்றாம் முறை மேட்டை ஒட்டி நிறுத்தினார். அந்த அக்கா கையை நீட்டித் தோழியை இழுத்து உள்ளே போட்டு, முதுகில் இரண்டு அடி வைத்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார்.

நான் துறைக்கு ஓடி வந்து அங்கே படகில் ஏறிக்கொண்டேன். அந்த அம்மாவின் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"போட்டுட்டேம்மா. எடம் அடையாளம் தெரியல, அதான் தேடித் தேடி லேட்டாயிடுச்சி."

பிறகு அவரே மறுபடியும் சொன்னார். "தண்ணியில எறங்கக் கூடாதுன்னு நீதான சொன்ன, அதான் எறங்கல. எப்படியும் வருவீங்கன்னு தெரியும். ஆள எண்ணாமயா போவீங்க?"

அவர் என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது. அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. "நான் எண்ணலம்மா" என்று மட்டும் சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்ஜின் சத்தம் அதிகமாக இருந்தது.

கரைக்கு வந்ததும் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரிப்போர்ட்டுல, ரெண்டு படகா வந்ததுல கொழப்பம் ஆயிடுச்சின்னு எழுதிடும்மா. யார் கேக்கப்போறாங்க?" எனக்கும் அப்படி எழுதிவிட ஆசையாகத்தான் இருந்தது. இந்தச் சட்டையைக் கழற்ற வேண்டி வந்தால் தெருவில் எப்படி முகம் காட்டுவது என்றுதான் முதலில் தோன்றியது. பேனாவை வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு நடந்தது நடந்தபடி எழுதினேன். செருப்புக் கணக்கையும் எழுதினேன். மூன்று மாதம் என்னைப் படகில் ஏற விடாமல் டிக்கெட் அறையில் உட்கார வைத்தார்கள். அது நியாயம்தான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா வாசல் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெடித்த குதிகால், விரிந்த விரல்கள். செருப்பு போட்டால் மூட்டையோடு வழுக்கும் என்று அவர் மார்க்கெட்டில் வெறுங்காலோடுதான் நடப்பார். எனக்கு ஆறாம் வகுப்பில் கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தபோதும் அவர் கால் அப்படித்தான் இருந்தது. அந்தக் கால்களின் உழைப்பில் படித்த நான், செருப்பில்லாமல் ஒருவர் வரக்கூடும் என்பதையே மறந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்துப் பெருமை பேசியிருக்கிறேன். சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் காலில் ஊற்றினேன். "என்னடி புதுசா?" என்றார்.

இப்போது மறுபடியும் படகில் போகிறேன். மழையானாலும் இடியானாலும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறேன். அந்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவருடைய மகள் எழுந்து நடந்தாளா என்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கீற்றுக்கொட்டகையில் குவிந்துகிடக்கும் செருப்புகளைப் பார்க்கும்போது, இந்நேரம் எங்கோ ஒரு வீட்டு வாசலில் அவருடைய செருப்பும் அவர் மகளுடைய செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்கிறேன்.