ஜெபக் கூட்டத்தில் உயர்ந்த மூன்று கைகள்

என் மகள் எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. பெற்றவள் அப்படித்தான் சொல்வாள் என்பீர்கள். சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சித்தூரில் அவளுடைய கணக்கு டீச்சர்தான் திருப்பதியில் நடக்கும் புதிர்க் கணக்கு வகுப்புக்கு அவளை அனுப்பினார். அங்கே விடை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். அது ஏன் எப்போதும் அப்படியே வரும் என்று நிரூபித்தாக வேண்டும்.

முதல் வகுப்பு சனிக்கிழமை நடந்தது. போய் வந்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகுதான் சொன்னார்கள், இனிமேல் எல்லாம் ஞாயிறு காலையாம். எங்கள் தமிழ் ஆராதனையும் அதே நேரம். வீட்டுக்காரர் சபைக் கமிட்டியில் இருப்பவர். ஆராதனையை விட்டுவிட்டுப் படிக்கிற படிப்பு வேண்டாம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவள் எதிர்த்துப் பேசவில்லை, சோற்றைத்தான் குறைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை நாலு கணக்குப் போட்டால் ஆண்டவர் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

அந்த வாரம் ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். தொடங்குவதற்கு முன், திருப்பதியில் என்ன சொல்லித் தந்தார்கள் என்று பாஸ்டர் அவளைக் கேட்டார். அவள் ஒரு புதிர் சொன்னாள். ஒரு கூட்டத்தில் யார் யாரோடு வேண்டுமானாலும் கை குலுக்கலாம். கடைசியில், ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாகக் கை குலுக்கியவர்களை மட்டும் எண்ணினால், அவர்கள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருப்பார்கள்.

ஜெபம் முடிந்து எல்லோரும் கை கொடுத்து ஸ்தோத்திரம் சொல்வது எங்கள் வழக்கம். வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கே பாத்துடலாம். சரியா வந்தா ஞாயித்துக்கெழம போ. தப்பா வந்தா திருப்பதி பேச்சே எடுக்கக்கூடாது."

அவள் தலையாட்டிவிட்டாள். அன்று ஜெபத்தில் என் மனம் நிற்கவே இல்லை.

ஜெபம் முடிந்தது. அவரவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே கை குலுக்கினார்கள். ஒற்றைப்படை வந்தவர்களைக் கை தூக்கச் சொன்னாள். மூன்று கைகள் உயர்ந்தன, அதில் ஒன்று அவள் அப்பாவுடையது. போகட்டும் விடும்மா என்று அவர்கூட மெதுவாகத்தான் சொன்னார்.

அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"யாரோ ஒருத்தர் தப்பா எண்ணிக்கினீங்க."

அத்தனை பேரும் அவளுக்குப் பெரியவர்கள். ஒரு அத்தை 'உச்' கொட்டினாள். பாஸ்டர் கையமர்த்தி, எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அவள் பதறாமல் விளக்கினாள். ஒரு முறை கை குலுக்கினால் இரண்டு பேர் கணக்கில் ஆளுக்கு ஒன்று ஏறும். ஆகவே எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். ஒற்றைப்படைக்காரர் மூன்று பேர் என்றால் கூட்டுத்தொகையும் ஒற்றைப்படையாகிவிடும். அது நடக்காது.

பிறகு எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

"கை குடுக்காம, கும்பிட்டு ஸ்தோத்திரம் சொன்னவங்களையும் யார்னா சேத்துக்கினீங்களா?"

எங்கள் வீட்டு ஆண்கள் அண்ணன் மனைவிக்குக் கை கொடுக்க மாட்டார்கள், கும்பிடுவார்கள். வீட்டுக்காரர் கூட்டத்தில் இருந்த தன் அண்ணியைப் பார்த்தார். தூக்கிய கையை மெல்ல இறக்கினார்.

"அண்ணியயும் சேத்துட்டேன்மா."

மிச்சம் இரண்டு கைகள். யார் யாருக்குக் கை கொடுத்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. பார்க்காமலே தெரிந்திருக்கிறது என் பெண்ணுக்கு! அப்பா பேச்சுக்கும் பெரியவர்கள் முறைப்புக்கும் அவள் மசியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே அவளைத் திருப்பதிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனார். திரும்பி வந்து, சாயந்திரம் நடக்கும் தெலுங்கு ஆராதனைக்கு எங்களை அழைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அதற்குப் போனதே இல்லை. பாட்டு ஒன்றும் தெரியாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது கமிட்டிக்காரர் ஒருவர், என்ன அதிசயம், இந்த நேரத்தில் இங்கே என்று கேட்டார்.

"காலைல எம்பொண்ணுக்குக் கணக்கு கிளாஸ்ங்க," என்றார், வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.