மாலிஸ் வைத்த இரண்டு கைநாட்டு

மாலிஸுக்குப் பொய் சொல்ல வராது. டோன்லே சாப் ஆற்றில் மிதக்கும் வீடுகளில் இருக்கிறவர்கள் அதை ஒரு குறையாகவே பேசுவார்கள். சந்தைக்குப் போனால் நேற்றைய மீனை நேற்றைய மீன் என்றே சொல்லித் தொலைப்பாள். அவளிடம் போய் ஒருத்தன் பொய்க்குக் கைநாட்டு வாங்கினான் என்றால், அவன் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன், வெள்ளம் வடிகிற மாதத்தில், அவள் வலையில் ராட்சதக் கெளுத்தி ஒன்று விழுந்தது. ஆளைவிட நீளம். வலதுபக்கத் துடுப்பு எப்போதோ பாதி அறுந்து கோணலாக ஆறியிருந்தது. அந்த ஜாதி மீனைப் பிடிக்கக் கூடாது; தவறி விழுந்தால் தகவல் சொல்ல வேண்டும். மாலிஸ் சொன்னாள். வந்தவன் மீன் அதிகாரி தாரித். பத்து வருஷப் பழக்கம். அவள் வைத்த புளிக்குழம்பைச் சாப்பிடாமல் படகேற மாட்டான்.

"அக்கா, ஆழமான மடுவுல கொண்டுபோய் விடணும். படகு வர மூணு நாளாகும். அதுவரைக்கும் உங்க கூண்டுலயே கிடக்கட்டும்."

அங்கே எல்லார் வீட்டுக்கும் அடியில் மீன் வளர்க்கும் மரக்கூண்டு உண்டு. தன் வளர்ப்பு மீன்களைப் பக்கத்து வீட்டுக் கூண்டில் தள்ளிவிட்டு அவள் விருந்தாளிக்கு இடம் கொடுத்தாள்.

படகு வந்த அன்று மீனின் தலையில் வாசனைத் தண்ணீர் தெளித்து மன்னிப்புக் கேட்டாள். விடுவிக்கிற புண்ணியம் யூனுக்குப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். யூன் அவள் புருஷன். இதே ஆறு கொண்டுபோனது, உடம்புகூடக் கிடைக்கவில்லை. தாரித் இரண்டு காகிதங்களை நீட்டினான். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"ஒண்ணு மீனுக்கு, இன்னொண்ணு புண்ணியத்துக்கு" என்றான். அவளும் சிரித்துக்கொண்டே விரலை அழுத்தினாள். அந்த வருஷம், இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் பண்டிகையில், முதல் தடவையாக அழாமல் படைத்தாள்.

போன மாசம் தங்கை மகள் கல்யாணத்துக்காகத் தலைநகரம் போனாள். மண்டபத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி. உள்ளே நாலு வால்வீச்சுக்கு ஒரு தரம் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு கெளுத்தி. மூக்கு கண்ணாடியில் இடித்து இடித்துத் தோலுரிந்து வெளுத்திருந்தது. விருந்தாளிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வலது துடுப்பு கோணல். மாலிஸுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

ஊர் திரும்பியதும் நேராகத் தாரித்தின் அலுவலகத்துக்குப் போனாள்.

"இத்தனை வருஷம் என் சட்டியில தின்னியேடா!"

"கத்தாதீங்க அக்கா. ஆத்துல இருந்தா எவனாவது வெட்டித் தின்னிருப்பான். அங்க வேளாவேளைக்குத் தீனி."

"மூக்கு தேஞ்சு கிடக்குடா. நீ போய்ப் பாத்தியா? ஊருக்கெல்லாம் சொல்றேன் பாரு."

"சொல்லுங்க. மாட்டுறது நீங்கதான்." அலமாரியைத் திறந்து இரண்டு காகிதத்தையும் படித்துக் காட்டினான். குஞ்சிலிருந்து என் கூண்டில் வளர்த்த மீன் என்றது ஒன்று. மனமுவந்து மண்டபத்துக்குக் கொடுக்கிறேன் என்றது இன்னொன்று. இரண்டின் கீழும் அவள் விரல். "கூண்டுல கிடந்ததை ஊரே பாத்திருக்கு. மூணு நாளா, மூணு வருஷமான்னு யார் கணக்குப் பாக்கப் போறாங்க?"

ஏமாந்தது மாலிஸ் மட்டும் என்றால் தாங்கியிருப்பாள். செத்தவனுக்கு வெறுங்கையை நீட்டிவிட்டு, மூன்று வருஷமாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாளே!

இந்தப் பருவத்தில் இன்னொரு கெளுத்தி விழுந்தது. மாலிஸ் யாரையும் கூப்பிடவில்லை. நல்ல வலையைக் கத்தியால் கிழித்து மீனை ஆற்றிலேயே விட்டாள். கலங்கிய தண்ணீர் தெளியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் தாரித்தின் படகு எதுவும் நடக்காததுபோல் வந்து வாசலில் உரசியது. "பெருசா ஏதாவது விழுந்துச்சாக்கா?"

"விழலையே" என்றாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

தாரித் தலையாட்டிவிட்டுப் படகைத் திருப்பினான். வலையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாலிஸுக்குத்தான் பொய் சொல்ல வராதே.