முதல் பக்கத்தில் அவள் குரல்

அவளுடைய குரலை நான் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது. கூடத்தில் என் கணவர் கணினி முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். திரையில் எங்கள் போட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குரல் அதை வர்ணித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, வடக்கு வாசலத் தொறந்து போட்டுட்டு அங்கன போயி விறகு வெட்டுதியே, உனக்கே நல்லாருக்கா?"

எங்கள் போட்டி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய கணினி விளையாட்டு ஒன்று. விறகு வெட்டி, வயல் போட்டு, மதில் கட்டி, படை திரட்டி எதிராளியின் ஊரைப் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் அதை விட்டுவிட்டுப் புதிய விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். விடாப்பிடியாக இன்னும் ஆடுகிற தமிழர்கள் கொஞ்சம் பேர் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காக நானும் என் கணவரும் கல்யாணமான புதிதில் ஒரு இணையதளம் தொடங்கினோம். அவர் வண்ணார்பேட்டையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தளத்தின் உள்வேலையெல்லாம் அவர் பொறுப்பு. போட்டி முடிந்ததும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவது என் பொறுப்பு.

நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க ஊசியும் குப்பியும்தான். ஞாயிறு மாலை உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் சறுக்கினார், ஆட்டம் எப்போது கைமாறியது என்று எழுதும்போதுதான் நான் வேறொருத்தி ஆவேன். தோஹாவிலும் யாழ்ப்பாணத்திலும் திங்கட்கிழமை காலை என் கட்டுரைக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் திசையன்விளைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. அப்பா படகில் போகிறவர். அவள் திசையன்விளையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எங்கள் தளத்தில் சேர்ந்து சில மாதம் சுமாராக ஆடினாள். பிறகு ஒருநாள் அவளாகவே கேட்டு, போட்டியை நேரலையில் பேச ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அவள் பேசுகிற காணொளிக்குக் கீழே ஆட்கள் வரிசைகட்டி எழுதினார்கள். என் கட்டுரைக்குக் கீழே வழக்கமாக எழுதும் துபாய்க்காரர் மட்டும் 'அருமை சகோதரி' என்று போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரும் போடவில்லை.

அவள் காணொளிகளை ஒன்றுவிடாமல் கேட்டேன், பிழை பிடிப்பதற்காக. ஒரு நாள் கிடைத்தது. ஈட்டிப்படையை வில்படை என்று சொல்லிவிட்டாள். என் கட்டுரையில் அதை மரியாதையாக, ஆனால் யார் கண்ணுக்கும் தப்பாத இடத்தில் குறிப்பிட்டேன். மறு ஞாயிறு அவள் பேச்சைத் தொடங்கும்போதே, "போன வாரம் ஒரு தப்பு பண்ணிட்டேன். நம்ம எழுதுத அக்கா கண்டுபிடிச்சிட்டாவ. இனிமே பயந்துக்கிட்டேதான் பேசணும்" என்றாள். கேட்டவர்களுக்கு அதனாலேயே அவளை இன்னும் பிடித்துப்போனது. நான் எடுத்துக் கொடுத்த பிழைகூட அவளுக்கே லாபமானது.

அந்தச் சமயத்தில்தான் என் கணவர் தளத்தை மாற்றுகிற பேச்சை எடுத்தார்.

"எல்லாரும் போன்லதான் பாக்காங்க. படிக்க ஆளில்ல. முதல் பக்கத்துல காணொளிய வைப்போம். கட்டுரையெல்லாம் உள்ள ஒரு பக்கத்துல இருக்கட்டும்."

"உள்ளன்னா எங்கன?"

"கீழ ஒரு பொத்தான் வச்சிருவேன்."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். தோசை ஊற்றப் போய்விட்டேன். அதன் பிறகு அவள் குரல் கூடத்தில் கேட்டாலே அடுப்படியில் பாத்திரம் சத்தம்போட ஆரம்பித்தது. என் கையை என்னால் அடக்க முடியவில்லை.

ஒரு காலை அவர் காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு, "ஏளா, அந்தப் பிள்ளைய நான் தங்கச்சி மாதிரிதான் நெனைக்கேன்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"உங்கள வச்சு எனக்கு ஒரு சந்தேகமும் கெடயாது. நீங்க பாட்டுக்குச் சிரிங்க."

"பெறகு ஏன் இப்படி இருக்க?"

"அவ பேசுதது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. பெண்டாட்டிக்கு வேறு என்ன பொறாமை இருக்க முடியும் என்று நினைத்திருப்பார். என்னிடம் சொல்லாமலே அவளைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு நேரலை வேண்டாம், வீட்டில் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு போட்டி அவள் குரல் இல்லாமல் ஓடியது. நான் அக்கறையாக நீளமான கட்டுரை எழுதினேன். கீழே நிறையப் பேர் எழுதினார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பிள்ளை எங்கே?

இரண்டு நாள் கழித்து அவளே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். கணவர் கடைக்குப் போயிருந்தார்; எனக்கு அன்று விடுப்பு. குரலை வைத்து ஆளை நான் உயரமாக நினைத்திருந்தேன். குட்டையாக, ஒல்லியாக இருந்தாள். கையில் முதலூர் மஸ்கோத் அல்வா. திருநெல்வேலிக்கு அல்வா வாங்கிக்கொண்டு வருகிற தைரியம் அவளுக்குத்தான் வரும்.

தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கேட்டாள். "அக்கா, எம்மேல என்ன கோவம்? அண்ணாச்சி சொன்னத வச்சுப் பாத்தா, நீங்க என்னயத் தப்பா நெனைக்கிய போல. எங்க வீட்டுல தெரிஞ்சா என்ன ஆவும்?"

அவள் கண் கலங்கியிருந்தது. இவர் பேசிய பேச்சு அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அதெல்லாம் இல்லம்மா. அவர் ஒரு மடையன்."

"பெறகு?"

"உன் மேல எனக்குப் பொறாமை. நான் ஒரு பொழுது முழுக்க உக்காந்து எழுதுதத நீ ஒரு வரியில சொல்லிட்டுப் போற. எல்லாரும் உன்னயத்தான் கேக்காங்க."

அவள் என்னையே பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள், உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் கற்றுக்கொண்டேன் என்பாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் சொல்லவில்லை.

"நான் உங்க கட்டுரைய முழுசாப் படிச்சதில்லக்கா. ரொம்ப நீளம்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீங்க எங்கூட உக்காந்து பேசுங்களேன். ஆட்டத்துல சண்டை இல்லாத நேரத்துல எனக்கு என்ன சொல்லன்னே தெரியாது. சும்மா கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

முடியாது என்றுதான் சொன்னேன். அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, அன்று மாலையே கணவரிடம் முதல் பக்கத்தை மாற்றிவிடச் சொன்னேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை. எப்படியும் நடக்கப்போவதை நானே சொன்னதாக இருக்கட்டும் என்றுதான். உறுப்பினர்களையும் கேட்டார். பெரும்பாலானவர்கள் காணொளிதான் வேண்டும் என்றார்கள். துபாய்க்காரர் உட்பட. அடுத்த ஞாயிறே அவள் குரல் திரும்பி வந்தது.

இந்த வருட இறுதிப்போட்டிக்கு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் கடைசியில் நானும் பேச உட்கார்ந்தேன். அவள் வீட்டில் அவள், என் வீட்டில் நான். படைகள் மோதும்போது அவள் பேசினாள். எல்லாம் அடங்கி விறகு வெட்டுகிற நேரத்தில், "அக்கா, இவன் ஏன் இன்னும் மதில் கட்டல?" என்று கேட்பாள். நான் காரணம் சொல்வேன். முதலில் எழுதுகிற மாதிரியே நீளமாகச் சொன்னேன். பையப் பையச் சரியானது. ஓர் இடத்தில் நான் சொன்னபடியே ஆட்டம் திரும்பியது. அவள் "பாத்தியளா" என்று கூவினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடிந்ததும் கீழே எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன். யாரோ ஒருவர், 'அந்த அக்கா பேசுவதும் நல்லா இருக்கு' என்று போட்டிருந்தார். கணவர் அதை எனக்குப் பெருமையாகக் காட்டினார். பேசுவது என்று எழுதியிருக்கலாம். பேசுவதும் என்று எழுதியிருந்தார். அந்த ஓர் 'உம்' அன்றைக்கு முழுக்க என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.