பல்லக்காவின் வலது தோள்

என் அக்கா பல் கட்டுகிறவள். மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவள். எங்கள் தெருவில் வயதானவர்கள் யாராவது வாய் நிறையச் சிரித்தால் அதில் பாதி அக்காவின் கைவேலை. வாரம் முழுக்க ஒரு சின்ன அறையில் விளக்கடியில் குனிந்து உட்கார்ந்து கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் விமானத்திலிருந்து குதிப்பாள்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். முப்பது வயதில், கூட வேலை பார்த்தவள் பேச்சைக் கேட்டு ஒரு தடவை குதித்துப் பார்க்கப் போனவள் அறுபத்து நான்கு வயது வரை நிறுத்தவில்லை. இடையில் கல்யாணம் செய்துகொண்டாள், மகளை வளர்த்து வெளியூருக்கு அனுப்பினாள், அத்தானைப் பறிகொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குதிக்கும் மைதானத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். நாலு சக்கரமும் தரையில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும். ஒரே வயிற்றில் எப்படித்தான் இப்படி இரண்டு பிறந்ததோ என்று அம்மா இருந்தவரை அலுத்துக்கொள்வாள். அத்தான் போன பிறகு நான் அக்காவோடு வந்து தங்கிவிட்டேன். ஞாயிறுதோறும் அவளை மைதானத்தில் கொண்டுபோய் விடுவதும் நான்தான். அவள் விமானம் ஏறியதும் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அவள் வந்து கண்ணாடியைத் தட்டினால்தான் திறப்பேன்.

தோள் விஷயம் எனக்கு முதலில் தெரியவில்லை. தினமும் பின்னிக்கொள்கிற நீள முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்தாள். புது மோஸ்தர் என்றாள், நம்பினேன். பிறகு ஒரு நாள், உடுப்பின் முதுகு ஜிப்பை இழுத்துவிடச் சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். அதற்கப்புறம் நான் அந்தக் கரண்டியைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கரண்டிக் கதையைச் சொல்ல வேண்டும். பாராசூட் பை முதுகில் இருக்கும். அதைத் திறக்கும் பிடி பையின் அடியில், வலது இடுப்புக்குப் பின்னால். விழுந்துகொண்டிருக்கும்போது கையைப் பின்னால் கொண்டுபோய், பார்க்காமலே அதைப் பிடித்து உருவ வேண்டும். கை மறக்கக் கூடாது என்று அக்கா தினமும் காலையில் ஒரு மரக்கரண்டியைப் பின்னிடுப்பில் செருகிக்கொண்டு, சமையலறை நடுவில் குனிந்து நின்று உருவிப் பழகுவாள். அதைக் கழுவிவிட்டு நான் சமைக்க வேண்டும். பல வருடமாக இந்தக் கூத்துதான். ஆனால் அந்த மழைக்காலத்தில் கரண்டி நகர ஆரம்பித்தது. இடுப்புக்குப் பின்னால் இருந்தது கொஞ்சம் பக்கவாட்டுக்கு வந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் பேனா செருகுவது போல இடுப்பின் ஓரத்தில் செருகிக்கொண்டு, உருவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி என்னிடம் நீட்டினாள். கரண்டியை நகர்த்தலாம். பாராசூட்டை நகர்த்த முடியுமா?

கையைப் பிடித்து இழுக்காத குறையாக மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"தோள் மூட்டு இறுகிடுச்சும்மா. பயிற்சி செஞ்சா கொஞ்சம் இளகும். ஆனா எலும்பு ரொம்ப மெலிஞ்சுபோச்சு, அது பழையபடி ஆகாது. குதிக்கிறத விட்டுடுங்க."

"யோசிக்கிறேன்" என்று எழுந்துவிட்டாள். வீடு நெருங்கும்போதுதான் பேசினாள்.

"அவருக்கு மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல்லு. பேசும்போது ஆடுது, பாத்தியா? எவன் கட்டினானோ."

சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தால், கூடத்தில் பாராசூட்டை விரித்து வைத்து மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஒரே ஒரு தடவடி. அதோட போதும்."

"கை எட்டலைன்னா?"

"நெஞ்சுல இன்னொரு பிடி இருக்கு, ரிசர்வ் பாராசூட்டுக்கு. அதை இழுப்பேன். அதுக்குத்தானே குடுத்திருக்கான்."

"ஸ்டெப்னி இருக்குன்னு நான் வேனை ஆணி மேல ஏத்துவேனா?"

அவள் மடித்த துணிமேல் உடம்பைச் சாய்த்து உள்ளேயிருந்த காற்றை மெதுவாக வெளியேற்றிக்கொண்டிருந்தாள், குழந்தையை அணைத்துத் தூங்கவைக்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. அவள் இல்லாத அந்த வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"ஒண்ணும் ஆகாது குட்டி."

"அப்போ நானும் விமானத்துல வர்றேன். என் கண்ணு முன்னால குதி."

விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மைதானத்தை நடத்துகிறவரைக் கொக்கு என்பார்கள். கழுத்தும் காலும் அப்படி. அக்காவோடு சேர்ந்து எத்தனையோ முறை குதித்தவர். நான் விமானத்தில் வருகிறேன் என்றதும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? நெசமாவா?"

எனக்கும் முதுகில் ஒரு பாராசூட்டைக் கட்டி, சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லி, விமானிக்குப் பின்னால் உட்காரவைத்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அக்காவை ஏற்றியிருக்க மாட்டார். நாக்கு நுனி வரை வந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் அங்கே நிமிர்ந்து நடந்திருக்கிறாள், அவளை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்? மேலே போனதும் அவளே நிறுத்திக்கொள்வாள் என்று நம்பினேன். நிறுத்தாவிட்டால் கத்தி ஊரைக் கூட்டுவதென்றும் முடிவு செய்திருந்தேன்.

விமானம் எழும்பியதும் எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். தெரியாதவர்களையும் கூப்பிட்டேன். கண்ணை மட்டும் மூடவில்லை, அக்காமேலேயே வைத்திருந்தேன்.

கதவு திறக்கும் முன் அவர்கள் எல்லோரும் மூன்று தடவை அவரவர் பிடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அது அங்கே கட்டாயம். அக்காவின் கை முதல் தடவை பின்னால் போய்ப் பாதியில் நின்றது. அளவு சரியில்லாத பல்லைக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு ஒன்று வைத்திருக்கிறாள், அதைச் சிரித்தாள். இரண்டாம் தடவை இடுப்பை வளைத்து, தோளைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். விரல்கள் காற்றைத்தான் தொட்டன. மூன்றாம் தடவை அவள் கையைத் தூக்கவே இல்லை. மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள்.

கதவு திறந்தது. காற்று அறைந்தது. ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் கொக்கு கதவருகே நின்று அக்காவைப் பார்த்துக் கை நீட்டினார். அக்கா தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் முகத்தில் எதையும் காட்டாமல் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இடது கையாலேயே கதவை இழுத்து மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா, முடிஞ்சுது" என்றேன்.

"எங்க முடிஞ்சுது? இனிமேதான் இருக்கு. நான் விமானத்தோட தரையிறங்கினதே இல்லடி."

வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்தேன். முகம் வெளிறிக் கிடந்தது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். வெளியூருக்கெல்லாம் ரயிலில் போகிறவள் அவள். விமானம் ஏறியதெல்லாம் இந்த மைதானத்தில்தான், ஏறிய தடவையெல்லாம் நடுவழியில் குதித்திருக்கிறாள். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் இப்படிச் சாயுது?"

"வளைவுல திரும்புறாரு, அவ்வளவுதான்."

"இது என்ன சத்தம்?"

"வேகத்தைக் குறைக்கிறாரு. நான் பள்ளிக்கூட வாசல்ல குறைக்க மாட்டேனா, அது மாதிரி."

எனக்கு என்ன தெரியும்? வேனில் முதல் நாள் ஏறி அழுகிற பிள்ளைகளிடம் சொல்வதையெல்லாம் அவளிடம் சொன்னேன். என் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு ஒரு குலுக்கு குலுக்கியபோது என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சின்ன வயதில் எனக்கு அவள் செய்தது.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. குதிக்காமல் விமானத்தோடு இறங்கி வருகிறவரிடம் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேலிக்குப் பயந்து யாரும் குதித்துவிடக் கூடாதே என்பதற்காக வந்த வழக்கம். நல்லதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே அன்றைக்கு எல்லோரும் அக்காவிடம் நல்லவிதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் தேநீர் கொடுத்தார். ஒருவர் வெயிலைப் பற்றிப் பேசினார். கொக்கு காற்றின் திசையைப் பற்றி விளக்கோ விளக்கென்று விளக்கினார். அக்கா பையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தாள். தானாகச் சொல்ல அவளால் முடியவில்லை. அவர்களோ கேட்கக் கூடாதவர்கள். இப்படியே விட்டால் தேநீரைக் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறும் வருவாள், மறுபடியும் ஏறுவாள்.

வழக்கமெல்லாம் குதிக்கிறவர்களுக்கு. நான் வேன் ஓட்டுகிறவள். நேரே போய் அவள் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"ஏன்க்கா குதிக்கல?"

கொக்கு என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார்.

"கை எட்டலடி" என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினாள். "எனக்குக் கை எட்டல. ரொம்ப நாளாவே எட்டல. உங்க யார்கிட்டயும் சொல்லல. இனிமே நான் குதிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அத்தான் போனபோதுகூட வாயை மூடிக்கொண்டு அழுதவள், அன்றைக்குக் குரலெடுத்து அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

கொக்கு அவள் முன்னால் மண்டியிட்டார். அவளுடைய பையை அங்கே யாரும் தொட்டதில்லை, தொட விட்டதும் இல்லை. அவர் கேட்டுக்கொள்வது போல அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டியதும் நெஞ்சுப் பட்டையை அவிழ்த்தார், தொடைப் பட்டைகளை அவிழ்த்தார். இடது கை சுலபமாக வெளியே வந்தது. வலது பக்கம் போனபோது அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மெதுவா தம்பி. அந்தத் தோள்தான் வலிக்குது."